தீப்பொறி இல்லாத ரம்பம்

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு ரம்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மரம் அறுக்கிற ரம்பம் அல்ல, இரும்பு அறுக்கிறது. அவனியாபுரத்தில் ஒரு கேட் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்த அப்பா, அந்தப் பங்குனியில் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். இனிமேல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையிலேயே தொழில் என்றார். நாற்காலியும் ஸ்டாண்டும் செய்கிற பட்டறைகளுக்கு இரும்புக் குழாய்களை ஒரே அளவாக வெட்டிக் கொடுக்க வேண்டும். பழைய முதலாளியே குழாய் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ரம்பம்தான் இல்லை. கையில் இருந்த சேமிப்புக்குள் அது கிடைத்தாக வேண்டும். தவறான ஒன்றை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

ஏன் வேலையை விட்டார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா பகலில் வீட்டில் இருந்தார், அது போதும். கொட்டகையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவுக்கு மேலே தாழ இறங்கும் விமானத்தின் நிழல் தகரத்தின் மீது வழுக்கிக்கொண்டு போகும்போது முகத்தை நிமிர்த்துவார். அது போன பிறகும் நெடுநேரம் அப்படியே இருப்பார். மத்தியான வெயிலில் எல்லாமே மெல்ல மிதப்பது போலிருந்த நாட்கள் அவை.

முதலில் யோசனை சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. ஏசி மாட்டுகிற வேலை பார்த்ததால் எந்த மிஷினைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். கையில் பிடித்து வெட்டுகிற கிரைண்டர் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வந்தார். கொல்லையில் ஒரு குழாயைச் செங்கல் மேல் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பொன்னிறத்தில் ஒரு வால் கிளம்பி வேப்பமரம் வரை பறந்தது. தீபாவளியைக் கோடையில் கொண்டுவந்த மாமாவை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“மச்சான், இதவிட மலிவா எதுவும் கிடைக்காது” என்றார் மாமா.

“கை ரெண்டும் அதுலயே இருக்கணும், கண்ணும் அதுலயே இருக்கணும். வேணாம் மாப்ள.”

மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். எனக்கும் அப்பா மேல் கோபம்தான்.

அடுத்து டவுனில் இருக்கும் ஒரு பெரிய கடைக்கு அப்பாவும் அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் போனோம். அன்றைக்கு அம்மா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அதுவரை வீட்டில் அதிகம் பேசாதவள் அவள். இப்போதோ பள்ளம் வருது, படி இருக்குது, அந்தப் பக்கம் பச்சைச் சேலை கட்டினவள் நம்ம தெரு டீச்சர் மாதிரியே இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆட்டோவில் எல்லோரும் எங்களையே பார்ப்பதாக எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலையில்லாமல் அப்பா வீட்டில் இருப்பதால் அம்மாவுக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

கடைப் பையன் மேசையில் வைத்து வெட்டுகிற கட்டிங் மிஷினைக் காட்டினான். கைப்பிடியை இறக்கினால் பெரிய வட்டத் தட்டு சுழன்றுகொண்டே குழாயில் இறங்கும். விலையும் தாங்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் என் பல் கூசியது. கருகிய வாடை கடை முழுக்கப் பரவியது. அம்மா அப்பாவின் காதருகே குனிந்து, பொறி கூரை வரைக்கும் போகுது என்றாள். தட்டு தேயத் தேய மாற்ற வேண்டும், அந்தச் செலவு தொடர்ந்து வரும் என்று அப்பா கணக்குச் சொன்னார். உள்ளே இன்னொன்று இருந்தது. நாடா மாதிரி ஒரு பிளேடு ஓசையில்லாமல் சுற்றி வெண்ணெயில் இறங்குவதுபோல் இரும்பில் இறங்கியது. அது நின்ற பிறகு அந்த மிஷினை அப்பா வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் வழி காட்டியதும் மாமாதான். கோபம் அவருக்கு அதிக நாள் நிற்காது. திருமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போகிறாராம், சாமான்களை விற்கிறாராம் என்று வந்து சொன்னார். நால்வரும் பஸ் ஏறினோம்.

பட்டறையின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது அது. கனத்த இரும்பு மேசை, அதன் மேல் நீண்ட ஒரு கை, கையில் மாட்டிய ரம்ப பிளேடு. பட்டறைக்காரர் ஒரு குழாயை வைத்து இறுக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அந்தக் கை தானாகவே முன்னும் பின்னும் போய் வந்தது. கர்ரக், கர்ரக் என்று அவசரமே இல்லாத ஒரு சத்தம். தீப்பொறி ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வெட்டி முடித்ததும் அது தானே நின்றது. திரும்பி வந்த பட்டறைக்காரரிடம் அப்பா கேட்டார்: “எப்பவும் இப்படித் தானா நின்னுக்கிருமா?”

“நீங்க தூங்கிப்போனாலும் நின்னுரும்ணே.”

அப்பா மிஷினைச் சுற்றி நடந்தார். இறுக்கும் திருகு, அளவுக்குக் குழாயைத் தடுத்து நிறுத்தும் கம்பி, சுவிட்சு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். பிறகு அம்மாவைப் பார்த்து, “இந்தா, நீ ஒருக்கா போட்டுப் பாரு” என்றார்.

மிக்ஸியைத் தவிர வேறு எந்த மிஷினையும் தொட்டறியாத அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு குழாயை வைத்தாள், இறுக்கினாள், மிஷினின் கையை இறக்கிச் சுவிட்சைப் போட்டாள். மாமா சிரிக்க வாயெடுத்து, ஏனோ சிரிக்காமல் நின்றார். நான் ஒரு சாக்கு மூட்டையில் சாய்ந்திருந்தேன். அந்தச் சத்தம் என்னைத் தொட்டில் போல ஆட்டியது. ஓடாத வைகையில் தண்ணீர் நிறைந்து, அதில் நாங்கள் நால்வரும் படகில் போவதாகக் கனவு வந்தது. கண் விழித்தபோது விலை பேசி முடித்து, மிஷினை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி வாடகையை மாமா கொடுத்தார்.

அதன் பிறகு கொட்டகையில் அம்மா ஒவ்வொரு குழாயாக எடுத்துக் கொடுக்க, அப்பா தடுப்புக் கம்பியில் அது முட்டும் ஓசையைக் கேட்டு இறுக்குவார். பிளேடு மழுங்கினால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். வேலை வந்தது, நிலைத்தது. அந்த ரம்பத்தில்தான் நான் படித்தேன், எங்கள் வீட்டுக்கு மாடி வந்தது. பங்குனிக்கு முன்பே கண்ணாஸ்பத்திரியில், அப்பாவின் பார்வை மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, திரும்பாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது தெரிய மேலும் ஒரு வருடம் ஆயிற்று. யாரும் மறைத்ததாக நினைவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

முதல் நாள் வேலையில் வெட்டிய துண்டுகளை அப்பா தரையில் நெட்டுக்குத்தாக நெருக்கி நிறுத்தினார். உள்ளங்கையை அவற்றின் தலைமேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். எங்கும் தட்டவில்லை. அவர் முகம் மலர்ந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு.”

மூடிக்கொண்டு தடவினேன். குளிர்ந்த சிறு சிறு வட்டங்கள் கைக்கு அடியில் ஓடின. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக் கொல்லை முழுக்க நடப்போம், சுவரைத் தடவுவோம், யார் தோள் என்று தொட்டுச் சொல்வோம். அப்பா கொட்டகை வாசலில் இருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். சலித்துப்போன கணத்தில் நான் கண்ணைத் திறந்துவிடுவேன். அந்த விளையாட்டை ஆடுகிற யாரும் அப்படித் திறந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.