பாக்கெட்டில் கிடந்தது

சலவைக்கடை அக்காவின் சோதனைக்குத் தெருவே பயப்படும். துணியை மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்ப்பாள். கிடைப்பதைக் காகித உறையில் போட்டு, தேய்த்த துணியோடு ஊக்கு குத்தித் திருப்பித் தருவது அந்தக் கடை வழக்கம். சாவி, மாத்திரை, ஒருமுறை யாரோ தாத்தாவின் பல்செட்கூட அப்படிப் போயிருக்கிறது. பள்ளிச் சீருடையில் சிகரெட் தூள் உதிர்ந்தால் மட்டும் உறையோடு விடமாட்டாள். அம்மாக்காரியைத் தனியே கூப்பிட்டு, பிள்ளையைக் கவனிக்கச் சொல்லி ஒரு குட்டு வைப்பாள். அவள் தலை மறைந்ததும், வளர்க்கத் துப்பில்லை என்பாள்.

தன் மகளோ பதினாறு வயதிலேயே சீருடையைத் தானே துவைத்துக்கொள்கிறாள் என்று தம்பட்டம் அடித்தாள். ஊர் பாக்கெட்டையெல்லாம் துழாவியவள் அந்த ஒன்றை விட்டுவிட்டாள். பாவம், எப்படித் தோன்றும்?

மகள் காய்ச்சலில் படுத்த அன்று சீருடை அக்காவின் கைக்கு வந்தது. உள்ளே இரண்டு சிகரெட். கத்தினாள், அழுதாள், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மகள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"கிளாஸ்ல உட்கார்ந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா. செத்துடுவேன் போல இருக்கு. இதை இழுத்தா அஞ்சு நிமிஷம் அடங்குது. அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா அடிக்குது. அதுவும் எனக்குத் தெரியுது."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

ஒரே அறையில் படுத்து எழுந்த ஒரு வருஷம்.  அக்கா மருத்துவமனைக்கு மனநல மருத்துவரைப் பார்க்க ஓடினாள். ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியை எழுதிச் சீட்டு கொடுத்தார்கள்.

காய்ச்சல் விட்டது. நான்கு நாள் மகள் சிகரெட்டைத் தொடவில்லை. நகத்தைச் சதை தெரியக் கடித்தாள். ஐந்தாம் நாள் பள்ளி வாசல்வரை போனவள் திரும்பி வந்து குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளே மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. எந்தக் கறைக்கு எந்தப் பொடி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள், கதவைத் தட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் நின்றாள்.

அடுத்த வாரம் சீருடை தானாகவே கூடையில் கிடந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? பாக்கெட்டில் ஒரு சிகரெட். அக்கா துவைத்தாள், தேய்த்தாள். சிகரெட்டைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோனாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு நினைவுக்கு வந்தது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

திரும்பி வந்து சிகரெட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு, சீருடையோடு ஊக்கு குத்தினாள். தேதி வர இன்னும் நான்கு வாரம் இருந்தது.