செல்லம்மாள் டீச்சர் இழுத்துப் பிடித்த ஒயர்

செல்லம்மாள் டீச்சர் இறந்த செய்தியை அவருடைய மகள் கவிதாதான் போனில் சொன்னாள். "அம்மா காலையில போயிட்டாங்க டீச்சர். பேளுக்குறிச்சி ஊட்டுலதான் வெச்சிருக்கோம்."  

அவரிடம் கணக்குப் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவருடைய இடது உள்ளங்கையில் குறுக்கே ஓடிய தழும்பைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "ஒயர் அறுத்திருச்சு கண்ணு" என்று முடித்துக்கொள்வார். அது எந்த ஒயர் என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பள்ளிக்குத் தமிழாசிரியையாகப் போனேன். போலியோவில் சூம்பிய என் இடது கால் கிளட்சை மிதிக்காது. அதனால் என் அண்ணன் எங்கோ தேடி ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தந்திருந்தார். முதல் நாளே அதன் பானெட்டைத் திறக்கச் சொன்னவர் செல்லம்மாள் டீச்சர். "கிளட்ச்சே இல்லாம கியரு எப்படீங்க மாறுது?" சேலத்து மெக்கானிக் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது, கிக்டவுன் கேபிள் என்பார்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த ஒயர் இழுபட்டுக் கியரை இறக்கிக் கொடுக்கும். அது அறுந்தால் இழுவை இருக்காது, அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸே எரிந்துவிடும். ஒயரை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு ஒயரா!" என்று சிரித்தார்.

அவருடைய கணவர் கந்தசாமி மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் சொந்த நிலத்தில் விவசாயம் செய்தார். வார இறுதியில் மலைக்கு வருவார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை விரியன் கடித்துவிட்டது. பஸ் போயிருந்தது. விஷமுறிவு ஊசிக்குக் கீழேதான் போக வேண்டும். அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினோம்.

அரியூர்ப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறித்தான் மலைச்சாலையைப் பிடிக்க முடியும். பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. லீவரைக் கீழ் கியருக்குத் தள்ளினேன். அப்போதும் வழுக்கிக்கொண்டுதான் நின்றது. இறங்கிப் பார்த்தோம். கேபிள், கார்புரேட்டர் பக்கத்து முனையில் பிரிபிரியாக அறுந்து தொங்கியது.  சாலையில் உட்கார்ந்து அழுதேன்.

செல்லம்மாள் டீச்சர் அழவில்லை. அறுந்த முனையைக் குறடால் கவ்வி, "மிதிங்க" என்றார். ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். அவர் இழுத்தார். வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

"நீங்க ஓட்டுங்க டீச்சர். இதை நான் இழுக்கறேன்."

"வண்டிக்குள்ள இருந்து எப்படி இழுப்பீங்க?"

அப்போது ஒருவர் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தன் பின்பிரேக் ஒயரைக் கழற்றினார். "நாங்க தள்ளிக்கிட்டே போயிக்கறோமுங்க." ஒயரைக் கவ்விப் பிடிக்கும் சிறு பித்தளைத் திருகாணியையும் கொடுத்தார். அதை வைத்து இரண்டு ஒயரையும் இணைத்தோம். பானெட்டை முழுக்க மூடாமல் கயிற்றால் கட்டி, அந்த இடுக்கு வழியாக ஒயரை இடது ஜன்னலுக்குள் கொண்டுவந்தோம். செல்லம்மாள் டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுற்றி அதன்மேல் ஒயரைச் சுற்றிக்கொண்டார்.

நான் மிதிக்கும்போது அவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் வழுக்கும். அதனால் அவர் என் வலது காலை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. வளைவு வந்தால் "இழுங்க" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். முந்தானை கிழிந்தது. ரத்தம் மடியில் சொட்டியது.

"ஏனுங்க, பேசிக்கிட்டே வாங்க. கேக்குதுங்களா?"

"ம்" என்றது பின்சீட்டு.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். "ம்" சன்னமாக வந்தது. அடுத்த முறை எதுவும் வரவில்லை.

"திரும்பிப் பாருங்க டீச்சர்" என்றேன்.

"பாத்தா கை உட்டுருமுங்க. நீங்க மிதிங்க."

"டீச்சர், அவரு..."

"மிதிங்க சாமி! அழுகறத மேல போயிப் பாத்துக்கலாம்."

 பின்னால் இருப்பது உயிரா உடலா என்று தெரியாமலே ஏறினோம். அப்படி ஒரு பாதையில் என் எதிரிகூட வரக்கூடாது.

உச்சியில் சமதளம் வந்தது. இனி இறக்கம்தான், இழுவை தேவையில்லை. கையிலிருந்து ஒயரை உரித்தெடுத்துவிட்டுப் பின்சீட்டுக்கு ஓடினார். மூக்கருகே விரலை வைத்தார். "இருக்குதுங்க" என்றார். கியரைக் கீழேயே வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினேன். வழி முழுக்க டீச்சர் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கந்தசாமி கண் விழித்தார். சில நாட்கள் நன்றாகப் பேசினார். கல்லூரியிலிருந்து ஓடிவந்த கவிதாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். பிறகு சிறுநீர் நின்றது. விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் இறந்துபோனார்.

எழவு வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருத்தி செல்லம்மாள் டீச்சரைக் கட்டிக்கொண்டு, "இத்தன பாடுபட்டும் எல்லாம் வீணாப் போச்சே" என்று அழுதாள். டீச்சர் அவளை விலக்கி நிறுத்தினார்.

"வீணாங்க? கண்ணு முழிச்சு எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. புள்ள கையால கஞ்சி குடிச்சாரு. ரோட்டுலயே உட்டிருந்தா அது எனக்குக் கெடைச்சிருக்குமா?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்பிறகுதான் அழுதார்.

மறு மாதமே பள்ளிக்கு வந்தார். ஓய்வு பெறும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அவரும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எவர் பட்ட பாட்டையும் வீண் என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு நாக்கு வரவில்லை.