எந்தக் கோயில்னு மட்டும் கேட்டேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, காரைக்குடியில எங்க வீட்ல நடந்தது இது. சென்னையில காலேஜ் படிச்சுக்கிட்டிருந்த என் மக லீவுக்கு வந்தவ, திரும்பிப் போகமாட்டேன்னுட்டா. காரணம் கேட்டா வாயே திறக்கல. சோறும் இறங்கல, தூக்கமும் இல்ல. மூணு மாசம் கெஞ்சி, கவுன்சிலிங் போகச் சம்மதிக்க வச்சேன். "ஒரே ஒரு தடவைதான்மா. பிடிக்கலைன்னா அப்புறம் கூப்பிடக் கூடாது"ன்னு கண்டிஷன் போட்டா.

மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஆள் தேடுனேன். எந்த ஊரு, எந்தக் கோயில், யாரு வீடு? ஒன்பது கோயில் பிரிவா இருக்கிற நகரத்தார் நாங்க, எதுக்கும் முதல்ல இதைத்தான் கேப்போம். கவுன்சிலிங் குடுக்கிற ஒருத்தர் என் வீட்டுக்காரவுக கோயிலாவே அமைஞ்சாரு. ஒரே கோயில்னா பங்காளி, அண்ணன் தம்பி முறை. அப்புறம் என்ன வேணும்! என்ன படிச்சிருக்காருன்னு கேக்க எனக்குத் தோணவே இல்ல, போங்க.

மகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். "வாங்க ஆச்சி"ன்னு ரெண்டு பேருக்கும் காபி குடுத்து உக்கார வச்சாரு. எனக்கோ அடுத்த வீட்டு விஷயம் தெரியலைன்னா தலை வெடிச்சுரும். "எங்க தெருக் கோடி வீட்டு மருமகளும் இங்குட்டுத்தான் வாராகளாமே?"ன்னு மெல்லக் கொக்கி போட்டேன். மனுஷன் கடகடன்னு கொட்டிட்டாரு. அந்தப் பொண்ணு புருஷனோட பேசுறதில்லையாம், மாத்திரை போடுதாம். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டிருந்தேன்.

மக எந்திரிச்சு வெளியில போயிட்டா. கார்ல ஏறினதும் கேட்டா, "நாளைக்கு வாரவுகளுக்கு என் கதையைத்தானேம்மா சொல்லுவாரு?"

சுருக்குன்னு இருந்துச்சு. அவ குடுத்த ஒரே தடவையை நானே பாழாக்கிட்டேன். "தப்பு என்னோடதுதாண்டி. இந்த வாட்டி நீயே விசாரி"ன்னு அழுதுட்டேன்.

மூணாம் நாள் போன்ல யார்கிட்டயோ பேசுறா. கதவோரம் நின்னு கேட்டேன், விடுவேனா! "என்ன படிச்சிருக்கீங்க? எங்க பயிற்சி எடுத்தீங்க? மருந்து தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்புவீங்களா? நான் சொல்றதை எங்கம்மாகிட்ட சொல்லுவீங்களா?" கடைசிக் கேள்வி வலிச்சது. அடடா, இதுல ஒண்ணைக்கூட நான் கேக்கலையேன்னும் இருந்துச்சு. இப்படி மூணு பேருக்குப் போன் போட்டதுல ரெண்டு பேர் மழுப்பியிருக்காக. மூணாவதா ஒரு அம்மா எல்லாத்துக்கும் நேரா பதில் சொல்ல, அவங்ககிட்டயே போனோம்.

அவங்க அறையில பட்டமெல்லாம் சுவர்ல மாட்டியிருந்துச்சு. ஊரைக் கேக்க நாக்கு துறுதுறுத்துச்சு, அடக்கிக்கிட்டேன். என்னை வெளியில உக்கார வச்சுட்டு ஒரு மணி நேரம் மககிட்ட பேசுனாங்க. முடிஞ்சதும், "என்னதான் சொன்னா?"ன்னு கேட்டேன். "அவ உயிருக்கு ஆபத்துன்னா கட்டாயம் உங்ககிட்ட சொல்லுவேன். மத்ததை அவளாச் சொன்னாத்தான் உண்டு"ன்னாங்க. பெத்தவ நான், எனக்கே சொல்லமாட்டாகளாமேன்னு கோபமான கோபம்!

அன்னைக்கு வீட்டுக்கு வார வழியில, "பசிக்குதும்மா"ன்னா மக. மூணு மாசத்துல முதல் தடவை. அதுக்கப்புறம் வாராவாரம் அவளே கிளம்பிப் போனா. திரும்பக் காலேஜுக்கும் போயி, இப்ப கடைசி வருஷம் படிக்கிறா.

சென்னையில என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்க்கதை அத்தனையும் தெரிஞ்ச எனக்கு என் மக கதை மட்டும் தெரியல. அந்த அம்மா எனக்கே சொல்லல. அதனாலதான் அவளைச் சரியான ஆள்கிட்ட விட்டிருக்கோம்னு நிம்மதியா இருக்கேன்.