சாஃப்ட்னர் தண்ணீர் சிவந்த காலை

பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நான் சீனியர் டெக்னீஷியனாக இருந்தபோது நடந்தது இது. காலை ஆறு மணி ஷிப்ட். நான்கு நோயாளிகள் படுத்திருந்தார்கள். ஏரலிலிருந்து வரும் சுடலை அண்ணாச்சிக்கு மட்டும் மூச்சு வாங்கியது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை என்று முந்தின முறை வராமல் இருந்துவிட்டார். உடம்பில் நீர் கோத்திருந்தது.

ஊசியை எடுத்தேன். தண்ணீர் அறையிலிருந்து ஜெயராணி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம் ஆனவள்.

"அண்ணே, குத்தாதீங்க. ஹார்ட்னஸ் டெஸ்ட் சிவப்பா வருது."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். போர்வெல் தண்ணீரில் கால்சியம் அயனிகள் உண்டு; ஹார்ட்னஸ் என்கிற கடினத்தன்மை அதனால்தான். இரண்டு எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுதான் அது; இரண்டு பிளஸ் சார்ஜ். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் டாங்கில் உள்ள ரெசின் மணிகள் அதைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பிளஸ் உள்ள சோடியம் அயனிகள் இரண்டை விடும். சோடியம் தீர்ந்தால் பக்கத்து உப்புத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை ஓடவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பு சோடியம், குளோரைடு என்று தனித்தனி அயனிகளாகப் பிரிந்துவிடும். ஏற்றாமல் விட்டால் கால்சியம் கடந்து வந்து, நீலமாக வேண்டிய டெஸ்ட் பீட்ரூட் நிறமாகும். மெஷின் ஃபில்டர் வழியாக அது ரத்தத்தில் ஏறினால் வாந்தி, தலைவலி, பிரஷர். ஆளே போய்விடலாம்.

"தொட்டி நிறைய உப்பு கெடக்கு, நான்தான பாத்தேன். மிச்சத்த வடிகட்ட ஆர்.ஓ. ஃபில்டர் வேற இருக்குல்லா?" என்றேன் எரிச்சலாக.

"ஆர்.ஓ. தண்ணியும் நீலமா வரலண்ணே."

டாக்டர் போனில் வந்தார். "அவருக்கு மூச்சு முட்டுது. ஆரம்பிக்கீங்களா இல்லியா?"

ஜெயராணி போனை வாங்கினாள். "இந்தத் தண்ணியில ஆரம்பிக்க மாட்டேன் சார். பக்கத்து ஆஸ்பத்திரியில மெஷின் காலியா இருக்காம், கேட்டுட்டேன். நீங்க சரின்னா ஆக்சிஜன் வச்சு இப்பமே அனுப்பிருதேன்."

குரல் உயரவே இல்லை. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

டாக்டர் சரி என்றார். ஆம்புலன்ஸ் போனதும் ஜெயராணி ஒரு பைப்பை உப்புத் தொட்டியில் குத்தினாள். சடக்கென்று உள்ளே போனது. மேலே உப்பு கட்டிதட்டி நிற்க, அடியில் வெறும் பொந்து. தண்ணீர் உப்பைத் தொடவே இல்லை. நான் மூடியைத் திறந்து மேலாகப் பார்த்துவிட்டு, சரிபார்த்ததாக நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கட்டியை உடைத்து, ரெசினுக்குக் கரைசல் ஏற்றி, அலசி, டெஸ்ட் நீலமாகும்போது மணி எட்டரை. மற்ற மூவருக்கும் அதன்பிறகுதான் ஆரம்பித்தோம். டாக்டரிடம் என் தவறை நானே சொன்னேன்.

மூன்றாம் நாள் சுடலை அண்ணாச்சி தெம்பாக வந்து படுத்தார். நான் ஊசியோடு போனதும் கையை இழுத்துக்கொண்டார்.

"தண்ணிய அந்தப் பிள்ள பாத்துச்சா வே?"

"பாத்தாச்சு அண்ணாச்சி."

"அவ வந்து சொல்லட்டும். பொறவு குத்தும்."

முப்பது வருட சர்வீஸ் எனக்கு. ஆனாலும் கோபம் வரவில்லை. மனுஷன் சரியாகத்தான் கேட்கிறார். ஜெயராணியைக் கூப்பிட்டேன். நீல டெஸ்ட் டியூப்பைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் கையை நீட்டினார்.

ஓய்வு பெறும் நாள்வரை, அந்த நீலத்தைக் கண்ணால் பார்க்காமல் நானும் ஊசியைத் தொடவில்லை.