லண்டனுக்குப் போன உப்பு

நாலு விரல் உயரம் பனி விழுந்தால் போதும், லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தெரு அப்படியே நின்றுவிடும். இன்று காலையும் அப்படித்தான். கடைகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகும் என் வான் வண்டி ஏற்றத்தில் ஒரு முழம் ஏறி, இரண்டு முழம் பின்னால் சறுக்கியது. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்தான்.

"இதுக்கே நிண்டிட்டியே? இஞ்சை இடுப்பளவு ஸ்நோ. நாங்கள் டயரை மாத்திப்போட்டு ஓடித் திரியிறம். உங்கடை லண்டனிலை ஆரும் கொஞ்சம் கோதம்பை மாவைத் தூவினாலே பஸ் எல்லாம் நிண்டிடும்."

நான் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பேச்சு எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். தெருமுனையில் கவுன்சில் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டியைத் திறந்து, உப்பை அள்ளி வானின் சில்லுகளுக்குக் கீழே போட்டேன். வான் ஏறியது. கையில் ஒட்டிய உப்பைத் தட்டாமலே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா லண்டனில், சித்தப்பா நோர்வேயில், மாமா கனடாவில். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க எனக்கு வாய்க்கவில்லை. உலகத்தைப் பற்றி நான் அறிந்ததில் பாதி அந்த மூன்று நாட்டுக் கடிதங்களில் வந்ததுதான். நோர்வேயில் பனிமாரி தொடங்கினால் இரும்பு ஆணி வைத்த டயர்களைப் பூட்டுவார்களாம். கனடாவில் விடிவதற்குள் பெரிய தகடு பூட்டிய லொறி வந்து தெருவை வழித்துவிட்டுப் போகுமாம். லண்டனில் ஆணியும் இல்லை, தகடும் இல்லை. பனி உருகத் தூவும் உப்புத்தான்.

"இந்தமுறை கவுன்சிலிட்டை உப்பு முடிஞ்சுதாம். எங்கடை தெருவுக்குப் போடேல்லை. எல்லாம் வழுக்குது" என்று அப்பா எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். வெள்ளையாகிப்போன தெருவில் ஒரு சிவப்புக் கார். அதில் கையை ஊன்றியபடி அப்பா.

அந்தக் கார் தன்னுடையது என்று அப்பா எங்கும் எழுதவில்லை. நான்தான் வகுப்பு முழுவதற்கும் அப்படிச் சொன்னேன். வாய் திறக்காத பையன் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

படத்தில் நான் காரின் சில்லுகளைப் பார்த்தேன். ஒரு ஆணிகூட இல்லை. உப்பும் இல்லாமல் அப்பா எப்படி ஓட்டுவார்? அம்மா யன்னலடியில் நின்று அதே படத்தில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பழைய கம்பளிச் சுவெற்றரை வாங்கிவந்து, நூல் நூலாகப் பிரிக்கத் தொடங்கினார். ஒரு மாதத்தில் அது மூன்று சோடிக் காலுறைகளானது.

அப்போது அடுத்த வீட்டு அக்கா கல்யாணமாகி லண்டனுக்குப் போக இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் அவருடைய பெட்டி எல்லோருக்கும் பொது. அக்காவின் தாய் தராசோடு விறாந்தையில் இருந்தார்.

"ஆளுக்கு ரெண்டு கிலோ. ஒரு புளியங்கொட்டை கூடினாலும் எடுத்து வெளியிலை வைப்பன். பிறகு என்னோடை கோவிக்கிறேல்லை, சொல்லிப்போட்டன்."

மிளகாய்த்தூள், பனங்கிழங்குப் புழுக்கொடியல், காலுறைகள் எல்லாம் சேர்த்து அம்மா கட்டிய பொதி சரியாக இரண்டு கிலோ. கொடுத்துவிட்டு வா என்று என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் கட்டை அவிழ்த்தேன். காருக்குள் இருப்பவருக்குக் காலுறை எதற்கு? மூன்று சோடியையும் வெளியே எடுத்து, அந்தப் பாரத்துக்குக் குசினிப் பானையிலிருந்து கல்லுப்பு அள்ளிக் கட்டினேன். 'அப்பா, சில்லுக்குக் கீழே போடுங்கோ' என்று துண்டு எழுதி உள்ளே வைத்தேன். காலுறைகளைக் கோழிக்கூட்டுக் கூரைக்குள் செருகினேன்.

தராசு முள் இரண்டில் நின்றது. "கொம்மாவைப் போலை எல்லாரும் இருந்தா எனக்கேன் தலையிடி?" என்றார் அக்காவின் தாய்.

ஒன்றரை மாதத்தில் அப்பாவின் கடிதம் வந்தது. கடைசி வரி எனக்கு. "மகன் அனுப்பினதும் கிடைச்சுது. கார் இப்ப கொஞ்சமும் வழுக்கேல்லை. இவ்வளவு காணும், இனி அனுப்ப வேண்டாம்."

"என்னத்தையடா அனுப்பினனி?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு கார் படம் கீறி அனுப்பினனான்" என்றேன்.

அப்பாவிடம் கார் இருந்ததே இல்லை. என் இருபதாவது வயதில் நான் வந்து இறங்கியபோது, விமான நிலையத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலுமாகத்தான் அறைக்குக் கூட்டிப்போனார். கடைசிவரை வாகனம் ஓடப் பழகவில்லை. சிவப்புக் கார், அவர் வேலை செய்த, பெற்றோல் நிரப்பும் செற்றுக்கு வந்த யாருடையதோ. பஸ் நின்ற நாட்களில் ஒரு மணித்தியாலம் பனிக்குள் நடந்து வேலைக்குப் போயிருக்கிறார். இதெல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதுதான். நான் நேரே கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இனிக் கேட்க அவர் இல்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் காலில் இருப்பது கொழும்பில் விமானம் ஏறும்போது போட்டிருந்த துணிச் சப்பாத்து. அம்மா அன்று யன்னலடியில் பார்த்தது அதைத்தான்.

அப்பா உப்பு கிடைத்ததாக எழுதிய அந்தக் கடிதத்தில் காலுறை பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் அம்மாவின் முகம் வாடிப்போயிருந்தது. சொக்ஸ் மூன்று சோடியும் அளவோ, இறுக்கமோ என்று கேட்டு எழுதினார். பதில் வரும்வரை நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

பதில் வந்தது. "சொக்ஸ் மூண்டு சோடியும் காலுக்கு அளவு. ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டுதான் போறன். நல்ல சூடு."

"பாத்தியே, அளவெடுக்காமலே பின்னினனான்" என்று அம்மா அந்த வரியை எனக்கு மூன்று தரம் வாசித்தார். நாலாம் தரம் தனக்குள் வாசித்தார்.

நான் மெல்லக் கோழிக்கூட்டடிக்குப் போய்க் கூரைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மூன்று சோடியும் அப்படியே இருந்தன. பாவம், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.