ஐஸில் கொண்டுபோனதைக் குக்கரில் வைத்தார்கள்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். என் மனைவிக்கு டிபி என்று வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வருமா என்ற பயம். அம்மன் புண்ணியத்தில் அவளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

அன்று அவளுடைய அம்மாவுக்கு, என் மனைவிக்கு, வலிப்பு வந்தது. தலையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். புற்றுநோயா, டிபியா என்று அதில்தான் தெரியவேண்டும். சதை கெடாமலிருக்க ஊறவைக்கும் ஃபார்மலினில் வெகுநாள் கிடந்ததால், நோயைக் காட்டும் சாயம் அதில் பிடிக்கவில்லையாம். பாண்டிச்சேரியில் பெரிய லேபில் காட்டச் சொல்லி, மெழுகில் பதித்த துணுக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் செஞ்சியில் பாறையெல்லாம் அனல் கக்குகிற சித்திரை. மெழுகு உருகி அவள் மூளை கெட்டுப்போனால்? டிபன் பாக்ஸில் வைத்து, சுற்றி ஐஸ் கொட்டி, மலையனூர் அம்மனைக் கும்பிட்டபடி பஸ்ஸில் உட்கார்ந்தேன். பையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"இன்னா பெருசு, மீனா? பஸ்ஸே நாறிடப் போவுது" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லப்பா, என் வூட்டுக்காரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

லேபில் ஓர் அம்மா டப்பாவைத் திறந்து சிரித்தார். "ஐஸ்லயா எடுத்தாந்தீங்க? நாங்க இத குக்கர்ல வெக்கப்போறோம்ண்ணா."

டப்பாவைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "தாயே, அவ உசுரோட இருக்கறாம்மா. அவ உடம்ப நெருப்புல வெக்கலாமா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "முழுசா இல்லண்ணா. வெங்காயத் தோலாட்டம் சீவி, கண்ணாடியில ஒட்டி, மருந்துத் தண்ணியில சூடு காட்டுவோம். ஃபார்மலின் இறுக்கிப் போட்டுருக்குது. சூட்டுல நெகிழ்ந்தாத்தான் சாயம் உள்ள போவும். நூலுக்குச் சாயம் போடறவங்க வெந்நி வெக்கறாங்க இல்ல, அப்படி வெச்சிக்கோங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் அன்று வீட்டில் அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. கடையில் இட்லி வாங்கிப்போனேன்.

"கேஸ் தீந்துடுச்சா?" என்றாள் அவள்.

"ஆமா, தீந்துடுச்சி."

ரிசல்ட் வாங்கப் போனபோது டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். நீலத்துக்கு நடுவே பழுப்பாகப் புள்ளிகள். "சாயம் நல்லா ஏறியிருக்குது. டிபிதான், கேன்சர் இல்ல. மாத்திரையில சரியாயிடும்" என்றார். டிபி என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. இப்போது எங்கள் கடையில் உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சமீபத்தில் சிலரிடம் சொன்னேன். அதற்குள், "மூளைய வேக வெச்சு குணமாக்கிட்டாங்களாம்" என்று பஜாரில் பேச்சு. அதைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால்? சூடு சாயம் பிடிப்பதற்கு மட்டும். குணமாக்கியது அம்மன் அருளும் மாத்திரையும். நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.