கிறீச் சத்தம் நின்ற நாள்

கார்களுக்குப் பிரேக் தட்டு செய்யும் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவருக்குக் 'காது' என்று பெயர். கிண்டலாக ஆரம்பித்ததுதான். போகப் போக மேலாளரே "அந்தக் காதைக் கூப்பிடுப்பா" என்று சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

அங்கே செய்வது இரும்புத் தட்டு அல்ல. கார்பன் இழைகளைப் பீங்கானுக்குள் வைத்துச் சுட்ட கறுப்புத் தட்டு. எடை குறைவு, சூடு தாங்கும், லேசில் தேயாது. தேய்வதெல்லாம் அதன்மேல் அழுந்தும் பிரேக் கட்டைதான். கட்டையின் பொடி தட்டின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால் பிடிப்பு சீராக இருக்கும். படலம் திட்டுத் திட்டாகப் பிய்ந்தால் பிடிப்பு ஏறி இறங்கும். கூடவே பல் கூசவைக்கும் ஒரு கிறீச் சத்தம் கிளம்பும்.

தட்டை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிடுவது, கட்டையை அழுத்துவது, சூட்டில் சிவந்த தட்டு ஆறியதும் கழற்றி எடை போடுவது எல்லாம் அவர் வேலை. சத்தத்தின் அளவைக் காட்ட மைக் இருந்தது. அது எந்த ஓரத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் இடது காதுமூடியைத் தூக்கி, இயந்திரத்தைச் சுற்றிய கம்பிவலைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்டுபிடிப்பார்.

"காதை மூடுங்கண்ணே" என்று பொறியாளர் பெண் எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள்.

"மூடிக்கிட்டா எப்படி மேடம் கேக்குறது?" என்பார்.

அந்த மழைக்காலத்தில் சத்தம் அடங்கவே மாட்டேன் என்றது. இழையின் அளவை மாற்றினார்கள். கட்டையின் கலவையை மாற்றினார்கள். ஈரக்காற்று பட்டால் போதும், தட்டு அலறியது. பொறியாளருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் புதுக் கட்டை வந்தது. மாட்டி அழுத்தி, காதுமூடியைத் தூக்கினார். மோட்டாரின் உறுமல் மட்டும்தான். தலையை இன்னும் சாய்த்தார். கிறீச் என்ற பேச்சே இல்லை. சந்தோஷம் தாங்காமல் பொறியாளர் இருந்த அறையின் கண்ணாடி ஜன்னலைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவள் ஓடிவந்தாள். பின்னால் பக்கத்து அறை ஆட்களும் முகத்தைச் சுளித்தபடி வந்து நின்றார்கள். அவள் முழங்கையாலேயே இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"சத்தம் போயிடுச்சு மேடம்!"

யாரும் சிரிக்கவில்லை.

அவரைக் கணினி முன்னால் உட்காரவைத்தாள். "மைக்ல பதிவானதைப் போடுறேன். கேக்குதா பாருங்க."

கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டார். "ம், லேசா கேக்குது."

"இன்னும் போடவே இல்லண்ணே" என்றாள். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, போனது போனதுதான், கருவி வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், மெல்லிய குரல்கள் சிரமம் என்றார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையிலும் யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. எடை போடும் அறைக்கு மாற்றி, நல்ல நாற்காலியும் கொடுத்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

"எப்ப சொன்ன?"

"சமையலறையிலேர்ந்து எத்தனை தடவை கத்தினேன்!"

"அங்கேர்ந்து சொன்னா எனக்கு எப்படிடி கேக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

மகளுக்குக் கீச்சுக்குரல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வகுப்பில் நடந்ததையெல்லாம் அப்பாவிடம்தான் ஒப்பிப்பாள். கருவி வைத்தபிறகும் அவள் பேச்சில் பாதி எழுத்துகள் அவரிடம் வந்து சேரவில்லை. முதலில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சலித்துக்கொண்டாள். அப்புறம் "சாப்பாடு", "அம்மா கூப்பிடுறாங்க" என்று தேவையானதை மட்டும் சொல்லப் பழகிவிட்டாள்.

கட்டையின் விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கியதில் கிறீச் சத்தம் ஒருவழியாக அடங்கியது. பொறியாளர் அவரையும் இயந்திரத்தருகே அழைத்துப் போனாள். திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு மட்டமாக ஓடியது. எல்லோரும் கைதட்டியதைப் பார்த்து அவரும் தட்டினார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் மகள் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னம்மா, என்கிட்டயும் சொல்லேன்" என்றார்.

சொன்னாள். கை, கண் எல்லாம் ஆடின. அவருக்கு "டீச்சர்" என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

"இன்னொரு தடவை..."

"ஒண்ணுமில்லப்பா" என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அதைப் பிசைந்து சாப்பிட்டார்.